கண்ணாடிப் பொம்மையும் குறவஞ்சியும்

டென்னசி வில்லியம்ஸ் இயற்றி, 1944-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் அரங்கேறிய ‘கண்ணாடி விலங்குக் காட்சி’ என்னும் அமெரிக்க நாடகத்தை முதற்கண் நோக்குவோம். தந்தை துறந்தகன்ற இல்லம் அது. தாய் தன் கன்னிப் பருவ நினைவிலும், மகள் கண்ணாடிப் பொம்மைகளிலும், மகன் திரைப்படங்களிலும் புகலடைகின்றனர். பூசல் முற்றவே மகனும் வெளியேறுகின்றான்; ஆயினும் தமக்கையின் நினைவு அவனை விட்டபாடில்லை.

இனி, தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியைக் காண்போம். பிரிந்த சிங்கியைத் தேடியலைந்த சிங்கன், அவளைக் கண்டதும் புதிய அணிகலன்கள் வந்த வகையை ஐயுற்று வினவுகின்றான். குறி கூறிப் பெற்ற பரிசில்கள் என அவள் விடை பகர, ஐயம் தெளிகின்றது.

மாணவ நண்பர்களே! கனவிற் புகுந்தொளிதல் துயரை ஒத்திவைத்தலேயாம். முகம் நோக்கி வினவி விடை பெறும் இல்லமே நிலைபெறும் என யாம் துணிகின்றோம்.