அடுத்த ஐமேக் எப்படி இருக்கும்?

திரையோடு கணிப்பொறி முழுவதையும் ஒன்றாக்கியது ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக். 1998-இல் வந்த முதலாவதின் எடை ஏறத்தாழ 17 கிலோ. 2024-இல் வந்ததன் தடிமன் 11.5 மில்லிமீட்டரே.

அடுத்ததில் திரையிலுள்ள படம் வினாடிக்கு 60 தடவைக்குப் பதில் 120 தடவை புதுப்பிக்கப்படலாம் என்பது ஓர் ஊகம். கணக்கிட்டுப் பாருங்கள்: திரையில் 4480 × 2520, அதாவது சுமார் 1.13 கோடிப் புள்ளிகள். வினாடிக்கு 68 கோடிப் புள்ளிகளை எழுதும் வேலை 136 கோடியாகும். வேலை கூடினால் மின்சாரம் கூடும். மின்சாரம் கடைசியில் வெப்பமாகும். அதைச் சுற்றுக்காற்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அக்காற்று 35 டிகிரி செல்சியசைத் தாண்டலாகாது என்பது நிறுவனமே விதித்த வரம்பு. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் நம் மதுரையில் நிழலே 38-ஐத் தொடும்! ஆகவே, அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கும் சில்லுதான் முதலில் வரும் என்பது என் ஊகம்.