பதியும் தாங்கலும்: தென்குமரி ஊர்ப்பெயர்கள்



அய்யா வைகுண்டர் ஆறு ஆண்டு தவமிருந்த ஊரை இன்று சுவாமிதோப்பு என்கிறோம். 1809-இல் அய்யா அங்கே பிறந்தபோது அதன் பெயர் பூவண்டன்தோப்பு. சாஸ்தான்கோவில்விளை என்ற பெயரும் அவ்விடத்துக்கு உண்டு.

பெற்றோர் பிள்ளைக்கு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குடியில் பிறந்தவனுக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியார் எதிர்க்கவே, அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. குடை பிடிக்கவும், செருப்பு அணியவும், பெண்கள் மேலாடை உடுக்கவும் தடை இருந்த அந்தத் திருவிதாங்கூரில், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமைகூட முழுதாக இல்லை. 1008 மாசி 20-இல் (1833) திருச்செந்தூர் கடலிலிருந்து அய்யா வெளிப்பட்டு வந்து தவமிருந்த பிறகு, அந்தத் தோப்பையே சனங்கள் சுவாமியின் பெயரால் அழைத்தார்கள். பறிபோன பெயருக்கு நிலம் சொன்ன பதில் இது என்றே கொள்ளலாம்.

தோப்பு, விளை என்ற சொற்களை இளம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் விளை. பனையும் தென்னையும் நிற்கும் நிலம் அது. நெல் விளைவது வயல். குமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் சிற்றூர்கள் வரை எத்தனையோ ஊர்கள் விளையில் முடிகின்றன. வயலை ஆண்டவர்கள் ஒருபுறம் இருக்க, விளையில் பாடுபட்டவர்களே பெரும்பாலும் அய்யாவின் முதல் மக்கள். பள்ளம், பொட்டல், குடியிருப்பு என முடியும் பெயர்களும் இப்படி மண்ணைப் பார்த்து வைத்தவைதான்.

இந்த மண்பெயர்களோடு அய்யாவழி இரண்டு சொற்களைச் சேர்த்தது. ஒன்று பதி. பதி என்றால் உறைவிடம், ஊர். தலைவன் என்றும் பொருள் உண்டு. சிலை இல்லாத இடத்துக்கு இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம்! தாமரைகுளம் என்ற ஊர்ப்பெயரை மாற்றாமல் அப்படியே வைத்து, தாமரைகுளம்பதி என்றார்கள். 1841-இல் அரிகோபாலன் சீடர் வழியாக அகிலத்திரட்டு ஏட்டில் ஏறிய இடம் அது. ஈத்தாமொழியில் உள்ள பூப்பதியின் ‘பூ’ மலர் அல்ல. அய்யா மணம் புரிந்த பூமடந்தையாகிய பூமியை அது குறிக்கும். முட்டப்பதி கன்னியாகுமரிக்கு அருகே இருக்கிறது; மேற்கே உள்ள முட்டம் கடற்கரை வேறு. வெளியூரிலிருந்து முதன்முறை வருபவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அம்பலப்பதி தனியே நினைக்கத் தக்கது. அம்பலம் என்றால் எல்லோரும் கூடும் பொதுவெளி. மலையாள வழக்கில் கோவில். திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல்தான். அம்பலங்களின் வாசலை மிதிக்க முடியாதிருந்த சனங்கள் தங்கள் பதிக்கே அம்பலம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சொல் தாங்கல். சென்னைப் பக்கம் பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களில் வரும் தாங்கல் சிற்றேரியைக் குறிக்கும். நம் நிழல் தாங்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தாங்குவது, இளைப்பாற்றுவது என்பதே இங்கே பொருள். பழைய பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நினைத்தால் போதும். கூலியில்லா ஊழியத்துக்குச் சுமை தூக்கியவர்கள், சுமையை இறக்கி உட்கார ஒரு நிழலைத் தேடியதில் வியப்பில்லை.

இப்போது விளைகள் வீட்டுமனையாகி, புதிதாக ‘நகர்’ என்று பெயர் பெறுகின்றன. பழைய பெயர் சில இடங்களில் நிழல் தாங்கலின் பெயரோடு மட்டுமே ஒட்டியிருக்கிறது. ஆகவே திருநாள் நோட்டீஸ் அச்சிடும்போது புதுப்பெயரோடு விளையின் பெயரையும் சேர்த்துப் போடுவது நல்லது. எழுத்தில் ஐயம் வந்தால், ஏடு வாசிக்கும் முதியவர்களிடம் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதலாம்.