அமரில்லிஸ் வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

நவம்பர் பிறந்தால் ரொறன்ரோ கடைகளில் அமரில்லிஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளே ஒரு கிழங்கு, ஒரு பிளாஸ்ரிக் சாடி, காய்ந்து இறுகிய தும்புச்சோற்று வில்லை ஒன்று. நத்தாருக்குப் பரிசாக வந்தது, இதை என்ன செய்யிறது என்று கேட்டு வருகிறவர்கள் வருடாவருடம் கூடுகிறார்கள். பூத்து முடிந்ததும் நல்ல கிழங்குகள் குப்பைக்குள் போவதையும் வருடாவருடம் பார்க்கிறேன். அது எனக்குப் பெரிய மனவருத்தம். ஒழுங்காகப் பார்த்தால் ஒரு கிழங்கு பல பத்து வருடங்கள் இருந்து பூக்கும்.

1. பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். திறந்து, கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாரமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். அமத்தினால் அமிழக்கூடாது, அடியில் பூஞ்சணம் இருக்கக்கூடாது. கிழங்கை அதன் சுற்றளவை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். 26/28 என்று போட்டிருந்தால் அத்தனை சென்ரிமீற்றர் சுற்றளவு. 34/36 என்றால் பெரிய கிழங்கு. இரண்டு, மூன்று தண்டுகூட வரும். காசு கொஞ்சம் கூடினாலும் பெரியதையே எடுங்கள். மெழுகில் தோய்த்து, தண்ணீரே தேவையில்லை என்று விற்பதை வாங்காதீர்கள். அதன் வேரை வெட்டிவிட்டுத்தான் மெழுகு பூசுகிறார்கள். ஒருமுறை பூக்கும், பிறகு அனேகமாகப் பிழைக்காது.

2. சாடி சிறியதாக இருக்கட்டும். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி போதும். அகலச் சாடியில் மண் ஈரம் பிடித்தபடியே கிடக்கும், கிழங்கு அழுகும். அடியில் ஓட்டை கட்டாயம். மண்சாடி என்றால் நல்லது. பூ விரிந்ததும் தலைப்பாரத்தில் பிளாஸ்ரிக் சாடி கவிழ்ந்துவிடும்.

3. கிழங்கை முழுதாகப் புதைக்க வேண்டாம். மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியட்டும். வேர்கள் காய்ந்திருந்தால் வெட்டாமல், வேர்ப்பகுதியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்துவிட்டு நடுங்கள். தடித்த வேரெல்லாம் கிழங்கின் சேமிப்பு.

4. தண்ணீர்தான் கனபேரிடம் பிழைத்துப்போகும் இடம். நட்ட அன்று ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். பிறகு முளை தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். இலையில்லாத கிழங்கு தண்ணீரை என்ன செய்யும்? குடிக்க வழியில்லாமல் அழுகும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சமாக, ஓரத்தால் ஊற்றுங்கள். கழுத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது. ஊரில் வளவு ஓரத்தில் இதன் இனத்துச் செடிகள் வெயிலில் காய்ந்து கிடந்து, சித்திரை மழை விழுந்ததும் பூப்பதைக் கண்டிருப்பீர்கள். தென்னமெரிக்காவில் இந்தச் செடிகள் பல பிறந்த இடங்களிலும் காய்ச்சல் ஒரு பருவம், மழை ஒரு பருவம். காய்ச்சலைத் தாங்க என்றே செய்யப்பட்டது இந்தக் கிழங்கு. முளை வளர வளரத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

5. முதலில் வருவது மொட்டா இலையா என்று அந்தரப்படுவார்கள். இலை மெல்லியதாக, தட்டையாக வரும். மொட்டு தடித்து, நுனி மொத்தமாக, கழுத்தின் ஒரு பக்கத்தால் எட்டிப் பார்க்கும். எது முதலில் வந்தாலும் குறையில்லை. தெற்குப் பார்த்த யன்னலில் வையுங்கள். தண்டு வெளிச்சத்துக்குச் சாயும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்பிவிடுங்கள். நட்டதிலிருந்து ஆறு முதல் பத்துக் கிழமைக்குள் பூக்கும். பூ விரிந்ததும் ஹீற்றருக்குக் கிட்ட வைக்காமல், வீட்டில் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றினால் கூட நாள் நிற்கும்.

6. இதுதான் முக்கியம், ஆறுதலாக வாசியுங்கள். கடையில் வாங்கிய கிழங்குக்குள் மொட்டு முன்னமே இருந்தது. அதை உருவாக்கியது எங்கேயோ ஒல்லாந்திலோ தென்னாபிரிக்காவிலோ வளர்த்தவர்கள். நாங்கள் செய்தது எழுப்பிவிட்டது மட்டும். உங்களுடைய பூ என்று சொல்லக்கூடியது அடுத்த வருடம் வருவதுதான். அதற்கான வேலை பூ வாடிய அன்றே தொடங்குகிறது.

வாடிய பூவை அதன் பின்னால் உள்ள பச்சைக் காய்ப்பகுதியோடு கிள்ளிவிடுங்கள். விதை கட்டினால் கிழங்கின் சத்து அதற்குப் போய்விடும். தண்டைப் பச்சையாக இருக்கும்வரை விடுங்கள், அதுவும் வெயிலில் உணவு செய்கிறது. மஞ்சளானதும் வெட்டலாம். இலையைத் தொடவே வேண்டாம். நீட்டி வளர்ந்து அங்குமிங்கும் சரிந்து, வடிவில்லை என்றுதான் அனேகம்பேர் இந்தக் கட்டத்தில் வெட்டிவிடுகிறார்கள். இந்தச் செடி நாலு இலைக்கு ஒரு மொட்டு என்ற கணக்கில் வளர்வது. ஒரு கிழங்கை நெடுக்காகப் பிளந்தால் கண்ணாலே காணலாம்: வெங்காயத்தில் இருப்பதுபோல் வெள்ளைச் செதில்கள், நாலு செதிலுக்கு அடுத்ததாக, வெளிப்பக்கம் பழைய தண்டு இருந்த இடத்தில் காய்ந்த ஒரு சவ்வு, உள்ளே போகப் போக, இனி வர இருக்கும் குட்டி மொட்டுகள். இப்போது வளரும் ஒவ்வொரு இலையும் அந்த மொட்டுகளுக்குச் சோறு போடுகிறது. ஆகவே நல்ல வெளிச்சம், ஒழுங்கான தண்ணீர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை திரவப் பசளை பாதி அளவில் கலந்து. பெப்ரவரியிலிருந்து ஓகஸ்ட்வரை இதை விடாமல் செய்யுங்கள்.

7. விக்ரோறியா நாள் கழிந்து, இனிப் பனி விழாது என்று கண்டபிறகு சாடியைப் பல்கனிக்கோ வளவுக்கோ கொண்டுபோங்கள். முதல் ஒரு கிழமை நிழலில், பிறகு காலை வெயிலில். எடுத்த எடுப்பில் முழு வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். வளவில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நார்சிசஸ் ஈ என்று ஒன்று இருக்கிறது, பார்த்தால் சின்ன வண்டுத்தேனீ என்றே நினைப்பீர்கள். கிழங்கின் கழுத்தடியில் முட்டை இட்டுவிடும், புழு உள்ளே போய்க் கோறையாக்கிவிடும். கழுத்தைச் சுற்றி மெல்லிய வலைத்துணி கட்டிவிட்டால் போதும். பல்கனி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், வெளிச்சமான யன்னலில் வைத்தாலும் காரியம் நடக்கும்.

8. செப்ரெம்பரில், பனிக்கு முன்னே உள்ளே எடுத்து, தண்ணீரை நிற்பாட்டுங்கள். இலை தானாக மஞ்சளாகிக் காய்ந்தபின் வெட்டுங்கள். எட்டு முதல் பத்துக் கிழமை, 10 முதல் 13 பாகை செல்சியஸ் உள்ள இடத்தில், சாடியோடு. பேஸ்மன்டில் ஒரு குளிர்ந்த மூலை பொருந்தும். அப்பிள் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; பழம் விடும் எத்திலீன் உள்ளே உள்ள மொட்டைக் கெடுக்கும். பிறகு மேல்மண்ணை மட்டும் மாற்றி, மறுபடியும் நாலாவது அறிவுரையிலிருந்து தொடங்குங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சாடி மாற்றினால் போதும். இலை மட்டும் வந்து பூ வராவிட்டால் கிழங்கு பசியோடு இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கோடை நன்றாக ஊட்டுங்கள், எறிந்துவிடாதீர்கள்.

9. கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. சமையலறையில் வெங்காயக் கூடைக்குக் கிட்ட ஒருநாளும் வைக்கவேண்டாம். பூனை, நாய், தவழும் பிள்ளை உள்ள வீடுகளில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

10. பக்கத்தில் குட்டிக் கிழங்குகள் வந்தால் அவசரப்பட்டுப் பிய்க்காதீர்கள். தங்களுக்கென்று வேர் விட்டபின் பிரியுங்கள். பூக்க மூன்று வருடமாவது ஆகும், ஆனால் தாயின் பூவே அச்சொட்டாக வரும். ரெட் லயன் என்ற வகையின் குட்டி ரெட் லயன்தான். விதை அப்படியில்லை, எந்த நிறம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. 1799இல் இங்கிலாந்தில் ஆர்தர் ஜோன்சன் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி இரண்டு இனங்களைக் கலந்து முதல் கலப்பினத்தை எடுத்ததும் விதையால்தான். ஆசையிருந்தால் நல்ல பலமுள்ள கிழங்கில் ஒரு காயை முற்ற விடுங்கள். காய் வெடித்ததும் கறுத்த, தட்டையான விதைகளை எடுத்து உடனே போடுங்கள், வைத்திருந்தால் முளைப்பு குறையும். விதையில் வந்த கன்றுகளுக்கு எட்டாவது அறிவுரை பொருந்தாது. முதல் பூ வரும்வரை மாரி காலத்திலும் அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்து, இலையோடேயே வளர்த்து வாருங்கள்.