உடலுக்குள் இருக்கும் புனல்கள்



எண்ணெய்க் கடையில் புனலைப் பார்க்காதவர் நம்மில் யாருமில்லை. சிந்தாமல் சேர்ப்பதற்கு அகன்ற வாய். ஒரே வழியில் அனுப்புவதற்கு ஒடுங்கிய கால். இதே அமைப்பு மனித உடலிலும், நாம் வளர்க்கும் ஆடு, கோழிகளின் உடலிலும் இருக்கிறது. உடற்கூறு நூல்கள் இவற்றில் சிலவற்றை 'இன்பன்டிபுலம்' என்று அழைக்கின்றன. லத்தீன் மொழியில் அதற்குப் புனல் என்றே பொருள். இந்தப் பாடத்தில் மூன்று புனல்களைக் கவனிப்போம். மூன்றுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு: சேர்ப்பது அகன்ற வாய், ஒரே வழியில் அனுப்புவது ஒடுங்கிய கால்.

1. கோழியின் புனல்

கோழிக்குப் பொதுவாக இடப்பக்கச் சினைப்பையும் முட்டைக்குழாயும் மட்டுமே வளர்ச்சி அடைகின்றன. சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள் கருவைக் குழாயின் புனல் வாய் ஏந்திக்கொள்கிறது. அது அங்கே தங்குவது ஏறத்தாழ 15 நிமிடமே. கருவுறுவதும் அங்கேதான். பிறகு வெள்ளைக்கருவும் ஓடும் சேர்ந்து முட்டை வெளிவர, மொத்தம் 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. புனல் ஏந்தத் தவறினால் மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்துவிடும். கோழி கூட்டில் போய் அமரும், முட்டை இராது.

2. தாயின் கருக்குழாய்

பெண்ணின் கருப்பைக்கு இரு பக்கமும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கருக்குழாய்கள் உண்டு. இத்தாலிய மருத்துவர் பலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் இவற்றை விவரித்தார். குழாயின் வெளிமுனை, விரல்கள் போன்ற இழைகளுடன் விரிந்த புனலாக இருக்கிறது. சினைமுட்டையை அது வாரி எடுத்து உள்ளே அனுப்புகிறது.

காசநோய்க் கிருமியோ வேறு தொற்றோ இந்தக் குழாயை அடைத்துவிடலாம். வெளியே எந்த அடையாளமும் இல்லாமலே அது நடக்கலாம். பிள்ளை இல்லாத வீட்டில் எல்லாப் பழியும் பெண்ணின் தலையில் விழுகிறது. அடைப்பு ஒரு நோய், அது குற்றமல்ல. குறை கணவனிடமும் இருக்கலாம். ஆகையால் இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்கு வரவேண்டும்.

கரு சில சமயம் கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வளரும். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

3. சிறுநீரகத்தின் புனல்

ஆட்டுக் குண்டிக்காயை நீளவாக்கில் அறுத்தால் நடுவில் வெண்மையான குழிவு தெரியும். அதுதான் புனல். மாட்டின் சிறுநீரகமோ திராட்சைக் குலைபோல் பிரிவு பிரிவாக இருக்கும். அதில் இந்தப் பொதுப் புனல் இல்லை; கிளைக் குழாய்கள் நேரே சிறுநீர்க் குழாயில் சேர்கின்றன.

மனிதரின் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி உடலுக்கே திரும்பிவிடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராகிப் புனலில் சேர்ந்து, 25 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. புனலும் குழாயும் சேரும் இடம் மிகவும் ஒடுக்கமானது. கல் பெரும்பாலும் அங்கேயோ, சிறுநீர்ப்பையின் வாசலிலோ சிக்கிக்கொள்ளும்.

மதுரைச் சீமையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வயலிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவருக்கு உடல்நீர் வியர்வையாகவே போய்விடுகிறது. சிறுநீர் குறுகி, உப்புகள் படிந்து கல்லாகின்றன. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் பொழுதைக் கழிக்கும் பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர்! அவர்களுக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஒரு கழிப்பறையும் மருந்துதான்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும். பெரிய கல் அடைத்தால் மேலே புனல் வீங்கும். சில நாளில் வலி நின்றுபோகலாம். அடைப்பு நீங்கியது என்று அதற்கு அர்த்தமல்ல. வலியில்லாமலே சிறுநீரகம் பாழாகிவிடக்கூடும். கல்லடைப்புக்குச் சிறுபீளையும் வாழைத்தண்டும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அவற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

* வெயிலில் உழைப்பவர் நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதுமானது. இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்கவேண்டும்.
* எலுமிச்சைச் சாறு நல்லது. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைக்கவும். கல் இருக்கிறது என்று பாலை நிறுத்த வேண்டாம்.
* விலாவுக்குக் கீழே வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அடைபட்ட புனலில் சீழ் பிடித்தால் உயிர் போகும்.

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் பகுதியில் வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?
2. குழந்தையில்லாத தம்பதியரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்?
3. வலி நின்றதும் சிகிச்சையை விட்டுவிட்டவர் யாராவது நமக்குத் தெரியுமா? அவரை மீண்டும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்போவது யார்?