துருவைப் படிக்கலாம், காரைக்குடியில்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர், இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றியே மேற்படிப்பு படிக்க வழி உண்டா?
– வாசகர், சேவுகம்பட்டி

பதில்: உண்டு. அரிமானவியல் என்பது அந்தத் துறையின் பெயர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றிய குழாயைப் பார்த்தால், துரு பெரும்பாலும் மரையில்தான் தொடங்கியிருக்கும். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. அங்கே இரும்பு எலக்ட்ரான்களை இழக்க, நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. அதாவது, துரு ஒரு மின்வேதி வினை.

அதனால்தான் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்துறைக்குத் தாய்வீடு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்டது. அதன் மண்டபம் நிலையத்தில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றிலும் கடல்நீரிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். அருகிலுள்ள பாம்பன் பாலத்துக்கு அந்த உப்புக்காற்றே தீராத பகை.

முதலில் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்க வேண்டும். மின்வேதியியலை ஊன்றிப் படிப்பது நல்லது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால், உதவித்தொகையுடன் காரைக்குடியில் முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் அரிமான ஆய்வு நடக்கிறது. பொறியியல் பட்டதாரிகளுக்கு கேட் தேர்வு வழியாக ஐ.ஐ.டி.களின் உலோகவியல் துறைகள் இருக்கின்றன.