ஓரெழுத்துப் பிழை

மரம் என்று எழுதவேண்டிய இடத்தில் மாணாக்கன் மறம் என்று எழுதிவிடின் நாம் சிவப்பு மையாற் சுழிக்கின்றோம். அவன் எழுதியது பொருளற்ற சொல்லன்று. வீரத்தைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல்லே. சொல் அழியாது வேறொன்றைச் சொல்லத் தொடங்கிவிட்டமையே ஆண்டுள்ள தீங்கு. மூளையிலே தோன்றும் ஒருவகைக் கழலையை விளங்கிக்கொள்வதற்கு இவ்வெடுத்துக்காட்டுப் பெரிதும் பயன்படும்.

நமது கலங்களின் கருவிலுள்ள இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஐ.டி.எச்.1 என்னும் பரம்பரையலகு உளது. 414 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு நொதியத்தை ஆக்கும் கட்டளை அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், 22 மூளைக் கழலைகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அலகுகளைப் படித்துப் பார்த்தனர். அவற்றுட் சிலவற்றில் இவ்வலகு ஒரேயிடத்திற் பிழைபட்டிருந்தது. 132ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் அங்கே ஹிஸ்டிடின் அமர்ந்திருக்கும். கட்டளையில் ஜி என்னும் எழுத்து ஏ எனத் திரிந்ததே காரணம்.

பழுதுற்ற நொதியம் வாளாவிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அது புதிய தொழிலொன்றைக் கற்றுக்கொண்டதென்பது 2009இல் வெளியாயிற்று. ஐசோசிற்றேற்றை அல்பா-கீற்றோகுளுற்றரேற்றாக மாற்றுவது அதன் இயல்பான தொழில். பிழைபட்ட நொதியமோ, அவ்விளைபொருளையே எடுத்து 2-ஐதரொட்சிகுளுற்றரேற்று என்னும் பொருளாக்கிக் குவிக்கின்றது. அக்குவியலால் கலங்கள் முதிர்ச்சியடையாது பெருகுகின்றன.

பரம்பரையலகு என்ற பெயரைக் கேட்டு, இந்நோய் மக்களுக்கும் வருமோவென அஞ்சிக் கலியாணப் பேச்சையே நிறுத்துவாருமுளர். அவ்வச்சம் இங்கே பொருந்தாது. இப்பிழை பிறந்தபின் மூளைக் கலமொன்றில் நேர்வது; பெற்றோரிடமிருந்து பெற்றதன்று, பிள்ளைக்குச் செல்வதுமன்று. கலைச்சொல் ஆக்குவோர் நினைவிற் கொள்ளத்தக்கதிது.

வியப்பொன்றுமுண்டு. இப்பிழையுடைய கழலையினர், அஃதில்லாத கொடிய கழலையினரிலும் பொதுவாக நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆதலின் 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகவே வகுத்தது. நொதியத்தின் கள்ளத் தொழிலைத் தடுக்கும் வொரசிடெனிப் என்னும் குளிசை 331 நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வெறுங்குளிசை உண்டோரிற் பாதிப்பேருக்கு 11.1 மாதத்துள் நோய் முற்றியது. மருந்துண்டோரிடம் அக்காலம் 27.7 மாதமாக நீண்டது. 2024 ஓகத்தில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கிற்று. அது நோயை அடியோடு தீர்ப்பதன்று. சத்திரசிகிச்சைக்குப் பின், கதிர்ச் சிகிச்சையைச் சில காலம் தள்ளிவைக்க உதவுவது.