இராணிக்கேட் வியாதியும் விஷக்கிருமியின் அளவும்

ஒரே கொட்டிலில் ஒரே தீனி தின்ற கோழிகளுள் சில இரண்டொரு நாளில் மடிகின்றன. சில கழுத்துத் திருகிப் பல நாள் வருந்துகின்றன. வேறு சில தும்முவதோடு தப்பிவிடுகின்றன. இதனைக் கோழி வளர்ப்போர் பலர் கண்டிருப்பர். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாதென அறிவது, வியாதி பரவுங் காலத்தில் பெரும் நஷ்டத்தைத் தடுக்க உதவும்.

வெள்ளைக் கழிச்சல் என நாம் வழங்கும் இவ்வியாதி 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டது. 1927-இல் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேட்டில் தோன்றியதால் இந்தியாவில் அவ்வூர்ப் பெயரே இதற்கு நிலைத்தது. கிருமி உட்புகுந்து பெரும்பாலும் 5 அல்லது 6 நாட்களில் குறிகள் தோன்றும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சை கலந்து கழியும், இறக்கைகள் தொங்கும். காப்பற்ற மந்தையில் கொடிய இனக் கிருமி புகுந்தால் ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் மடிதல் கூடும்.

அளவை அறிவது எங்ஙனம்?

இக்கிருமி கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் கிருமியுள்ள நீரைப் பத்தில் ஒன்றாகப் பன்முறை நீர்க்கச் செய்து, 9 முதல் 11 நாள் அடைகாத்த முட்டைகளுட் செலுத்துவர். எந்த நிலையில் முட்டைகளுள் பாதி பீடிக்கப்படுகின்றனவோ, அதைக்கொண்டு அளவைக் கணிப்பர்.

புகும் அளவும் பெருகும் அளவும்

இவை இரண்டும் வெவ்வேறு. நெருக்கமும் தூசியும் மிகுந்த கொட்டிலில் நோயுற்ற பறவையின் மூச்சிலும் எச்சத்திலும் வெளிப்படும் கிருமி அதிகமாக உட்புகும். அதனால் நோய் பற்றுதல் எளிதாவதுடன் குறிகளும் விரைவில் தோன்றும். புகுந்தது சிறிதாயின் நோய் பற்றாமலே போகலாம். எனினும், காப்பற்ற கோழியைக் கொடிய இனம் ஒருமுறை பற்றிவிட்டால், அது உடலிற் பெருகிப் பேரளவாகிவிடும். ஆதலால் சிறிதளவு புகுந்ததென்று அலட்சியமாயிருத்தல் தகாது.

அளவு மட்டுமே கொடுமையை நிர்ணயிப்பதும் அன்று. மிருதுவான இனங்கள் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள சில புளிப்புச் சத்துக்களின் உதவியாலேயே பெருக வல்லன. அவ்விடத்தில் மிகுதியாக இருப்பினும் தும்மலோடு ஒழியும். கொடிய இனங்களோ உடலெங்கும் உள்ள சத்துக்களைப் பயன்படுத்தி மூளை முதலிய உறுப்புகளையும் தாக்குகின்றன.

தடுப்பு மருந்தும் அளவும்

இவ்வியாதிக்கு வழங்கும் தடுப்பு மருந்துகளுட் பல உயிருள்ள மிருதுவான கிருமியே. அதிலும் தக்க அளவு உயிருடன் இருத்தல் வேண்டும். வெயிலில் வைத்த மருந்தில் கிருமி மாண்டு அளவு குறைந்துவிடுதலால், போட்டும் பயன் இராது. பனிக்கட்டியின்றிச் சந்தைப் பையில் மருந்தைக் கொண்டுவருவோர் இதை நினைவிற் கொள்க.

மருந்து போட்ட கோழி நோயின்றித் தோன்றினும் கிருமியைச் சிறிதளவு வெளியிடக்கூடும். ஆயினும் காப்பற்ற கோழி வெளியிடுவதினும் அது மிகக் குறைவு. ஒரு வீட்டுக் கோழிகளுக்குப் போடும் மருந்து அண்டை வீட்டுக் கோழிகளுக்கும் ஓரளவு காவலாவது இதனாலேயே.

செய்ய வேண்டுவன

1. முதல் வாரத்திலேயே குஞ்சுகளின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடுக. ஏறத்தாழ 8 வாரத்தில் இறக்கையின் கீழ் ஊசி போடுவிக்க. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருத்தலாகாது.

2. நோயுற்ற கோழியை மற்றவற்றுடன் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்தல் பெருந் தவறு. அதனை உடனே பிரித்து, காற்றோட்டமுள்ள தனியிடத்தில் வைக்க.

3. கொட்டிலில் நெருக்கத்தைக் குறைத்து, எச்சத்தை நாள்தோறும் அகற்றுக.

4. மாண்ட கோழிகளைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க. வாய்க்காலிலோ குப்பையிலோ எறியற்க.

5. இவற்றைக் கையாண்டோர் கண்களைக் கசக்காமல் கை கழுவுக. மனிதருக்குச் சிலகாலம் கண் சிவத்தல் உண்டாகும்.

நோய் கண்டதும், முதல் போகட்டும் என்று எண்ணிக் கோழிகளைச் சந்தைக்கு அனுப்புவோர், ஒரு வீட்டு நஷ்டத்தைப் பத்து ஊருக்குப் பங்கிடுகின்றனர். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைத் தடுத்து, முதற் கோழி மடிந்த அன்றே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் கடமையாகும். சில முட்டைகளும் நாலைந்து கோழிகளுமே கைமுதலாகக் கொண்ட ஏழைக் குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு என்பதை மறத்தலாகாது.